கல்லூரி ஆசிரியரும் கணித ஆராய்ச்சியும் – ஒரு வரலாற்று நோக்கு

கணிதத்தின் வரலாறு பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் மேதைகளின் வாழ்க்கை வரலாறுகளாகவே அமைந்துவிடுகின்றன. இராமானுஜன் என்ற பெயரோடு தொடங்கி அப்பெயரோடேயே முடிந்துவிடும் கட்டுரைகள் பல. மேதைகளைப் போற்றுவதில் தவறில்லை. ஆயினும் அவ்வாறு எழுதும்போது முக்கியமான வினா ஒன்று விடுபட்டுப் போகின்றது. மேதை அல்லாத, ஆனால் ஆற்றலும் ஆர்வமும் உடைய மாணவன் ஒருவன் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ பயிலும்போது, கணிதத்தில் இன்னும் விடை காணப்படாத பிரசினங்கள் உள்ளன என்பதையும், அவற்றுட் சிலவற்றைத் தானும் அணுகலாம் என்பதையும் யாரிடம் அறிந்துகொள்கிறான் என்பதே அவ்வினாவாகும்.

ஆசிரியரிடம் என்பதே இதற்கு வெளிப்படையான விடை. ஆயின், அந்த ஆசிரியர் எவ்வாறு ஆயத்தப்படுத்தப்பட்டவர்? ஒரு பிரசினத்தின் முன்னே மாதக்கணக்கில் விடையறியாது நின்ற அனுபவம் அவருக்கு உண்டா? இளமாணி மாணவரைக் கணித ஆராய்ச்சியில் ஈடுபடுத்த வேண்டுமாயின் முதலில் ஆசிரியரே அதற்கு ஆயத்தமாதல் வேண்டும் என்னும் கருத்து உலகின் பல பகுதிகளில் அண்மைக்காலத்தில் வலியுறுத்தப்பட்டு வருகின்றது. அதனைப் புதிய கருத்தாகக் கொள்ளுதல் பொருந்தாது. நமக்கு அண்மையிலுள்ள சென்னைக் கல்லூரிகளிலேயே இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இதற்கான சான்றுகள் கிடைக்கின்றன. அவ்வனுபவத்தைக் கொழும்பின் அனுபவத்தோடு ஒப்புநோக்கி, அதிலிருந்து நாம் பெறத்தக்க படிப்பினையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொழும்பும் பரீட்சையும்

இலங்கையில் உயர்கல்வியின் தொடக்கம் பரீட்சையோடு பிணைந்தது. மட்டக்குளிக்கு அயலிலுள்ள முகத்துவாரத்தில் 1851இல் நிறுவப்பட்டு, 1918இல் கல்கிசைக்கு இடம்பெயர்ந்த புனித தோமையார் கல்லூரி, 1863இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. அதற்கு முன்பே, கொழும்பு அக்கடமியிலிருந்து உருவான குயீன்ஸ் கல்லூரி 1859இல் அதே பல்கலைக்கழகத்தோடு இணைப்புப் பெற்றிருந்தது. 1880களில் கேம்பிரிட்ஜ், இலண்டன் பரீட்சைகள் வந்து சேர்ந்தன. கல்கத்தாவாயினும் கேம்பிரிட்ஜாயினும் இலண்டனாயினும் வினா தொலைவில் ஆக்கப்பட்டது. விடையும் தொலைவிலேயே மதிப்பிடப்பட்டது. இடையில் நின்ற ஆசிரியரின் பணி, வரக்கூடிய வினாக்களை அனுமானித்து மாணவரை அவற்றிற்குப் பயிற்றுவதாக அமைந்தது.

1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டபோதும் இந்நிலை அடியோடு மாறிவிடவில்லை. அக்கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமை இருக்கவில்லை. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்படும்வரை அதன் மாணவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களுக்கே தோற்றினர். அக்கல்லூரியின் முதலாவது கணிதப் பேராசிரியராக விளங்கியவர் உரும்பிராயைச் சேர்ந்த செ. சுந்தரலிங்கம் (1895–1985). ஒக்ஸ்போர்ட்டில் பயின்ற இவர் பிற்காலத்தில் அரசியலில் ஈடுபட்டு அமைச்சராகவும் விளங்கியமை பலரும் அறிந்ததே. அக்காலத்தில் கணிதத்திற் பெற்ற சிறப்புச் சித்தி குடியியற் சேவைக்குச் செல்வதற்கும் உதவியது. திறமை மிக்க மாணவர் கணிதத்தை நாடியமைக்கு இதுவும் ஒரு காரணம். அவர்கள் கணிதத்தை நன்கு கற்றனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் பாடத்திட்டத்தை மாற்றும் உரிமையோ வினாத்தாளை அமைக்கும் பொறுப்போ இல்லாத ஆசிரியருக்குத் தம் சொந்த வினாவை வகுப்பிற்குக் கொண்டுவருவதற்கான தூண்டுதல் எங்கிருந்து கிடைக்கும்?

சென்னையில் எழுந்த மாற்று ஓட்டம்

சென்னையின் தொடக்கமும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே நீண்டகாலம் இயங்கியது. கும்பகோணம் அரசினர் கல்லூரியிலும் பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் இராமானுஜன் பரீட்சையில் தவறியதும் இந்த அமைப்பினுள்ளேயே. ஆகவே, கொழும்பிற் பரீட்சை இருந்தமையாலும் சென்னையில் அது இல்லாமையாலும் வேறுபாடு தோன்றியது எனக் கூறுதல் பொருந்தாது. பரீட்சை இரு இடத்தும் இருந்தது. சென்னையில் அதற்குப் பக்கத்தே வேறோர் ஓட்டமும் தோன்றியது என்பதே உண்மை.

அவ்வோட்டத்தின் ஊற்று 1907இல் காணப்படுகின்றது. டெபுடி கலெக்டராகப் பணியாற்றிய வி. இராமசுவாமி ஐயர் அவ்வாண்டில் இருபது உறுப்பினரோடு ஒரு கணிதக் கழகத்தைத் தொடங்கினார். பின்னர் இந்தியக் கணிதச் சங்கம் எனப் பெயர் பெற்றது இதுவே. அதன் தொடக்ககால நோக்கம் மிக எளிமையானது. ஐரோப்பியக் கணிதச் சஞ்சிகைகளையும் நூல்களையும் தனியொரு கல்லூரி ஆசிரியர் தமது சம்பளத்தில் வாங்க இயலாது. உறுப்பினர் சந்தா செலுத்தி அவற்றைப் பொதுவில் வாங்குவர். அவை தபால் மூலம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சென்று சேரும். ஊர்தோறும் தனித்திருந்த ஆசிரியர் உலகில் அப்போது நடைபெற்றுக்கொண்டிருந்த கணிதத்தை இவ்வாறு காணத் தொடங்கினர். கல்லூரி ஆசிரியரை ஆராய்ச்சிக்கு ஆயத்தப்படுத்தும் முயற்சி என இன்று நாம் அழைப்பதற்கு நமது பிரதேசத்தில் இதனினும் தெளிவான தொடக்கத்தைக் காட்டுதல் அரிது.

இச்சங்கத்தின் சஞ்சிகையில் வினாப் பகுதி ஒன்றும் இருந்தது. உறுப்பினர் தாம் கண்ட பிரசினங்களை அனுப்புவர். விடை காண்போர் விடையனுப்புவர். 1911இல் இராமானுஜன் இப்பகுதிக்கு வினாக்களை அனுப்பினார். அவற்றுள் ஒன்று, வர்க்கமூலத்தினுள் வர்க்கமூலமாக முடிவின்றிச் செல்லும் ஒரு கோவையின் பெறுமானம் யாது என்பது. ஆறு மாதங்கள் கழிந்தும் எவரும் விடை தரவில்லை. விடை மூன்று என்பதை இராமானுஜனே வெளியிட்டார். இந்நிகழ்ச்சி இராமானுஜனின் மேதைமைக்குச் சான்றாகவே வழமையாக எடுத்துக் கூறப்படும். இதற்கு இன்னொரு முகமும் உண்டு. பட்டம் பெறாத இளைஞன் ஒருவனின் வினாவை அச்சேற்றி, கல்லூரி ஆசிரியர்களின் முன்னே வைத்து, அவர்களைச் சிந்திக்கச் செய்த ஒரு களம் அப்போது இருந்தது. அக்களம் இல்லாதிருந்தால் அந்த வினா நோட்டுப் புத்தகத்திலேயே கிடந்திருக்கும். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவிப்பணத்துடன் அவரை ஆராய்ச்சி மாணவராக ஏற்றுக்கொண்டமையும் அக்களத்தினூடாக அவர் அறியப்பட்டமையோடு தொடர்புடையதே.

1933இல் இதே சங்கம் மாணவரையும் ஆசிரியரையும் மனத்திற்கொண்டு இன்னொரு சஞ்சிகையையும் தொடங்கியது. ‘கணித மாணவன்’ எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் வெளிவந்த அச்சஞ்சிகை இன்றும் வெளிவந்துகொண்டிருக்கின்றது.

ஆராய்ந்த ஆசிரியர்கள்

களம் ஒன்று இருந்தால் மட்டும் போதாது. அதில் இறங்கிய ஆசிரியரும் வேண்டும். அவர்களுள் முதன்மையானவர் கே. ஆனந்தராவ் (1893–1966). கேம்பிரிட்ஜில் ஹார்டியின் வழிகாட்டலில் ஆராய்ச்சி செய்தவர். இராமானுஜன் அங்கிருந்த காலத்திலேயே தாமும் அங்கிருந்தவர். 1919இல் சென்னை திரும்பி மாநிலக் கல்லூரியிற் பேராசிரியரானார். அவரிடம் உருவானோரின் பெயர்களை நோக்கின் அவரது பணியின் அளவு விளங்கும்: தி. விஜயராகவன், எஸ். எஸ். பிள்ளை, எஸ். மீனாட்சிசுந்தரம், கே. சந்திரசேகரன். பகுப்பியலிலும் எண்கொள்கையிலும் இப்பெயர்கள் உலகளாவிய மதிப்புப் பெற்றவை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆர். வைத்தியநாதசுவாமி (1894–1960) அட்சரகணிதத்திலும் இடத்தியலிலும் இதனையொத்த பணியை மேற்கொண்டார்.

ஆனந்தராவ் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளினும் அவர் உருவாக்கிய மாணவர் வரிசையே அவரது பெருமையை அதிகம் புலப்படுத்துகின்றது. கேம்பிரிட்ஜில் அவர் பெற்றது தேற்றங்கள் பற்றிய அறிவு மட்டுமன்று. ஒரு பிரசினத்தை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எவ்விடத்தில் அதனைப் பற்றிக்கொள்வது, வழி அடைபட்டால் எவ்வாறு திரும்புவது என்னும் தொழில்முறையையும் அவர் பெற்றுவந்தார். நூலிற் காணக்கிடையாத இத்தொழில்முறை ஆளிடமிருந்து ஆளுக்கே செல்கின்றது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். செங்கோட்டைக்கு அயலிலுள்ள வல்லத்திற் பிறந்த எஸ். எஸ். பிள்ளை (1901–1950) 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் கற்பித்தவர். அவர் ஆராய்ந்த வேரிங்கின் பிரசினம் பாடசாலை மாணவருக்கும் விளங்கக்கூடியது. எந்த நேர் முழுவெண்ணையும் நான்குக்கு மேற்படாத வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம். கனங்களைக் கொண்டு எழுதின் எத்தனை வேண்டும்? நாலாம் அடுக்குகளாயின் எத்தனை? இவ்வாறே ஆறாம் அடுக்குவரையும் அதற்கு அப்பாலும் வினவிச் செல்லலாம்.

இப்பிரசினத்தின் ஒரு பாதியை முதலாம் ஆண்டு மாணவனும் தானே கண்டறிய முடியும். 23 என்னும் எண் 27ஐ விடச் சிறியது. ஆதலால் அதனை எழுத 8, 1 ஆகிய கனங்களே உதவும். இரண்டு எட்டும் ஏழு ஒன்றும் சேர்ந்து ஒன்பது கனங்கள் தேவைப்படுகின்றன. அவ்வாறே 79 என்னும் எண் 81ஐ விடச் சிறியது. நான்கு பதினாறும் பதினைந்து ஒன்றும் என அதற்குப் பத்தொன்பது நாலாம் அடுக்குகள் தேவை. இதே முறையில் 703 என்னும் எண்ணை எழுத 73 ஆறாம் அடுக்குகள் தேவை எனக் காணலாம். இவ்வளவும் தாளும் பென்சிலும் கொண்டு ஒரு பிற்பகலில் முடியக்கூடியவை. ஆயின் 73 எல்லா எண்களுக்கும் போதும் என நிறுவுதல் வேறுவகைப்பட்ட காரியம். அதனை 1940இல் நிறுவியவர் பிள்ளை. நாலாம் அடுக்குகளுக்குப் பத்தொன்பது போதும் என்பதோ 1986இலேயே நிறுவப்பட்டது. அதனை நிறுவிய மூவருள் ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆர். பாலசுப்பிரமணியன்.

பிள்ளை ஆராய்ந்த மற்றொரு பிரசினம் இன்னும் எளிமையானது. அடுத்தடுத்து வரும் முழுவெண்களின் வரிசை ஒன்றை எடுத்துக்கொண்டால், ஏனைய எல்லாவற்றோடும் ஒன்றைத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத ஓர் எண் அவ்வரிசையில் இருக்குமா? வரிசையின் நீளம் பதினாறு வரையாயின் எப்போதும் இருக்கும் எனப் பிள்ளை 1940இற் காட்டினார். பதினேழாயின் அது பொய்த்துப்போகலாம். 2184 முதல் 2200 வரையுள்ள பதினேழு எண்களை எடுத்துக் காரணிப்படுத்திப் பார்ப்போர் இதனைத் தாமே கண்டுகொள்ளலாம். பதினேழும் அதற்கு மேற்பட்டதுமான எல்லா நீளங்களுக்கும் இவ்வாறு பொய்த்துப்போகும் வரிசைகள் உள்ளன என்னும் முடிபை 1941இல் அல்பிரட் பிரௌவர் நிறைவுசெய்தார்.

இவ்வெடுத்துக்காட்டுகள் இரு உண்மைகளைப் புலப்படுத்துகின்றன. முதலாவது, மாணவன் இன்றே தொடங்கக்கூடியதாயும், அதே வேளை ஆராய்ச்சியின் எல்லையைத் தொடக்கூடியதாயும் உள்ள பிரசினங்கள் கணிதத்தில் உண்டு. கணிதம் நெடிய ஏணி போன்றது, அதன் உச்சிப்படியை அடைந்தோரே ஆராயலாம் என்னும் வாதம் முழுமையானதன்று. இரண்டாவது, எந்தப் பிரசினம் அத்தகையது, அதன் எப்பகுதி மாணவனுக்கு எட்டும், எப்பகுதி எட்டாது என்பதைத் தாமே ஆராய்ச்சியில் ஈடுபட்ட ஆசிரியராலேயே பகுத்தறிய முடியும். மாணவனுக்கு ஏற்ற பிரசினத்தைத் தேர்தல் என்பது பாடநூலின் பயிற்சி வினாவைத் தேர்தலினின்றும் வேறுபட்ட கலையாகும்.

பிள்ளை 1950 ஆகத்து 31இல், அமெரிக்காவில் நடைபெறவிருந்த உலகக் கணித மாநாட்டை நோக்கிச் செல்லும் வழியில், கெய்ரோவுக்கு அண்மையில் நிகழ்ந்த விமான விபத்தில் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது.

லொயோலாவில் ஒரு பிரெஞ்சுத் துறவி

சென்னைக் கல்லூரிகளின் வரலாற்றில் நமது வினாவுக்கு மிக நெருங்கிய விடையாக அமைபவர் யேசு சபைத் துறவியான சாள்ஸ் ரசீன் (1897–1976). பாரிசில் எலீ கார்த்தானின் வழிகாட்டலிற் சார்புக் கொள்கை பற்றி ஆராய்ந்து 1934இற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1937இல் இந்தியாவுக்கு வந்து திருச்சிராப்பள்ளி சூசையப்பர் கல்லூரியிற் கற்பித்தார். 1939இற் சென்னை லொயோலாக் கல்லூரிக்கு மாறி, 1967இல் ஓய்வுபெறும்வரை அங்கேயே பணியாற்றினார். ஆந்த்ரே வெய், ஆன்றி கார்த்தான் முதலிய பிரெஞ்சுக் கணித அறிஞரோடு அவருக்கு நட்பு இருந்தது. அக்காலத்திற் பிரான்சிற் புத்துருப் பெற்றுவந்த கணிதம் எத்தகையது என்பதை அவர் நேரில் அறிந்திருந்தார்.

ரசீன் சிறந்த விரிவுரையாளர் எனப் பெயரெடுத்தவரல்லர். அவரது பேச்சைப் பின்தொடர்தல் கடினமாயிருந்தது என்பதை அவரிடம் பயின்றோரே கூறியுள்ளனர். இது நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தியாகும். தெளிவாக விரிவுரை நிகழ்த்துவதே நல்லாசிரியரின் முழு இலக்கணம் எனக் கருதும் நமக்கு இது வியப்பளிக்கலாம். ஆயினும் அவர் மாணவர் கையில் எந்த நூலைக் கொடுக்கவேண்டும் என அறிந்திருந்தார். பரீட்சைக்கு வேண்டியதற்கு அப்பால் எது வளர்ந்துகொண்டிருக்கின்றது என அறிந்திருந்தார். ஒரு மாணவனிடம் ஆராய்ச்சித் திறன் உண்டா எனக் கண்டுகொள்ளவும், கண்டபின் அவனை எங்கே அனுப்பவேண்டும் எனத் தீர்மானிக்கவும் வல்லவராயிருந்தார். அதே கல்லூரியில் எஸ். நாராயணன் கேத்திரகணிதத்தை மரபுவழி நின்று நன்கு கற்பித்தார். ஒருவரிடம் பழைய கணிதத்தின் திண்மையையும் மற்றவரிடம் புதிய கணிதத்தின் திசையையும் மாணவர் பெற்றனர்.

இதன் பயன் பெரிது. லொயோலாவில் ஆனர்ஸ் எனப்பட்ட சிறப்புப் பட்டத்திற்குப் பயின்ற எம். எஸ். நரசிம்மன், சி. எஸ். சேஷாத்திரி ஆகிய இருவரும் 1953இற் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திற் சேர்ந்தனர். ரீமன் பரப்புகள் தொடர்பாக அவ்விருவரும் சேர்ந்து 1965இல் வெளியிட்ட தேற்றம் இன்று அவர்கள் பெயராலேயே வழங்குகின்றது. பௌதிகவியல் வரை அதன் செல்வாக்குப் பரந்துள்ளது. இரகவன் நரசிம்மன், சி. பி. இராமானுஜம் ஆகியோரும் லொயோலாவில் ரசீனிடம் பயின்றவர்களே. ஒரே கல்லூரியின் இளமாணி வகுப்பிலிருந்து, சில ஆண்டுகளுக்குள், இத்தனை பேர் உலகத் தரத்தில் எழுந்தமையை மேதைகளின் தற்செயலான கூட்டம் என விளக்குதல் இயலாது. வகுப்பறையில் ஆராய்ச்சியை அறிந்த ஓர் ஆசிரியர் இருந்தார் என்பதே இதற்கான விளக்கம்.

பிரிவும் அதன் விலையும்

இவ்வெற்றியினுள்ளேயே ஒரு குறையும் வளர்ந்தது. 1945இல் நிறுவப்பட்ட டாட்டா நிறுவனம் கணிதத்தில் உயர்ந்த தரத்தை விரைவில் எய்தியது. சந்திரசேகரனும் கே. ஜி. இராமநாதனும் அதற்குத் தலைமை தாங்கினர். உலகின் தலைசிறந்த கணித அறிஞர் அங்கு வந்து விரிவுரையாற்றினர். ஆனால் அங்கு இளமாணி வகுப்புகள் இல்லை. கல்லூரிகளில் உருவான சிறந்த மாணவர் அங்கு சென்றனர். சென்றோர் பெரும்பாலும் கல்லூரி வகுப்பறைக்குத் திரும்பவில்லை. கல்லூரியில் எஞ்சிய ஆசிரியருக்கோ விரிவுரைச் சுமை மிகுந்தது, நூல்நிலையம் மெலிந்தது, ஆராய்ச்சி என்பது பம்பாயில் நடைபெறும் ஒன்றாகத் தோன்றலாயிற்று. ரசீன் போன்றவர் தமக்குப் பின் தம்மைப் போன்றவரைக் கல்லூரிக்கு விட்டுச்செல்லவில்லை. அவ்வாறு செய்வதற்கான அமைப்பும் இருக்கவில்லை.

ஆராய்ச்சிக்கு நிறுவனம், கற்பித்தலுக்குக் கல்லூரி என்னும் இப்பிரிவினையின் தீங்கை உணர்ந்து செயற்பட்டோருள் சேஷாத்திரியே குறிப்பிடத்தக்கவர் என்பது பொருத்தமானது. பம்பாயிலிருந்து 1984இற் சென்னை திரும்பிய அவர், 1989இற் கணித ஆராய்ச்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இன்று சென்னைக் கணித நிறுவனம் என வழங்கும் அந்நிறுவனம் 1998இல் இளமாணிச் சிறப்புப் பட்ட வகுப்பை ஆரம்பித்தது. ஆராய்ச்சியாளரே முதலாம் ஆண்டு மாணவருக்கும் கற்பிக்கவேண்டும் என்பதே அதன் அடிப்படை. ரசீனிடம் தாம் பெற்றதை அமைப்பொன்றின் வடிவில் அடுத்த தலைமுறைக்கு வழங்கிய செயல் எனவே இதனை நாம் கொள்ளலாம். சேஷாத்திரி 2020இலும் நரசிம்மன் 2021இலும் காலமாயினர்.

இதற்கு முன்னரே, 1993இல், எஸ். குமரேசன் இந்தியாவின் உயர்கணிதத் தேசிய சபையின் ஆதரவுடன் கோடைகால முகாம்களைத் தொடங்கினார். நான்கு வாரங்கள் நடைபெறும் இம்முகாம்களில் தேற்றத்தைக் கூறி நிறுவலை எழுதிக் காட்டும் முறை கைவிடப்படுகின்றது. ஆசிரியர் வினவுவார், மாணவர் எடுத்துக்காட்டுகளைத் தேடி, ஊகித்து, பிழைத்து, மீண்டும் முயன்று முடிபை அடைவர். அம்முகாம்களில் மாணவராயிருந்தோருட் பலர் பின்னர் ஆசிரியராகி அம்முறையைத் தம் வகுப்புகளுக்குக் கொண்டுசென்றனர்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் அனுபவமும் இதே முடிபுக்கே இட்டுச்செல்கின்றது. அங்கு இளமாணி மாணவரை ஆராய்ச்சியில் ஈடுபடுத்துவதற்கு 1958இலிருந்தே அரசின் தேசிய விஞ்ஞான நிதியம் உதவியது. இடையில் நின்றுபோன அவ்வுதவி 1987இற் புதிய திட்டமாக மீண்டும் தொடங்கியது. மினசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரில் யோசப் கலியன் 1977 முதல் நடத்திய கோடைகால வகுப்பு கணிதத்திலும் இது கைகூடும் எனக் காட்டியது. ஆயினும் இத்திட்டங்களில் இடம்பெறும் மாணவர் தொகை சிறிதே. பெரும்பாலான மாணவர் சிறு கல்லூரிகளில் பயின்றனர். அங்குள்ள ஆசிரியரோ கலாநிதிப் பட்டத்தின் பின் ஆராய்ச்சியினின்றும் விலகிப்போனவர். எனவே 2008இல் அமெரிக்கக் கணித நிறுவனம் ஆசிரியருக்கென்றே ஒரு பட்டறையைத் தொடங்கியது. அதில் மாணவரை வழிநடத்துவது எப்படி என்னும் உபதேசம் முதலிடம் பெறவில்லை. ஆசிரியர் சிறு குழுக்களாக அமர்ந்து, விடை காணப்படாத பிரசினம் ஒன்றைத் தாமே ஒரு வாரம் ஆராய்ந்தனர். அந்த அனுபவத்தோடு தத்தம் கல்லூரிக்குத் திரும்பினர். 1907இற் தபாலிற் சஞ்சிகை அனுப்பிய கழகமும் இப்பட்டறையும் நூறாண்டு இடைவெளியில் ஒரே உண்மையைக் கண்டுகொண்டன எனலாம்: ஆராயாத ஆசிரியர் மாணவரை ஆராயச் செய்தல் அரிது.

நமது நிலை

கொழும்பிலும் இவ்வாய்ப்பு ஒருகால் வாய்த்தது. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிலும் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பயின்ற கி. ஜெ. எலியேசர் (1918–2001) கேம்பிரிட்ஜிற் டிராக்கின் மாணவராக விளங்கியவர். இலத்திரனின் இயக்கம் பற்றி டிராக் அமைத்த சமன்பாட்டிலிருந்து, எதிரெதிர் ஏற்றங்கொண்ட துணிக்கைகளின் இயக்கம் தொடர்பாக எதிர்பாராத முடிபொன்று பிறப்பதை அவர் 1943இற் காட்டினார். 1949 முதல் 1959 வரை இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அவர் கணிதப் பேராசிரியர். பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்திற்கும், 1968இல் அவுஸ்திரேலியாவின் லா டிரோப் பல்கலைக்கழகத்திற்கும் சென்றார். ஆராய்ச்சி அறிந்த ஒருவர் பத்தாண்டுகள் இருந்து பயிற்றியபின் நாட்டை விட்டுப் பிரிகின்றார். இந்நிகழ்வு இலங்கையிற் பின்னர் பலமுறை, பல துறைகளில், பல காரணங்களால் நிகழ்ந்தது. ஓர் ஆளை மட்டும் நம்பிய மரபு அவ்வாள் பிரியும்போது தளர்கின்றது. சென்னையில் ஆனந்தராவுக்குப் பக்கத்தே ஒரு சங்கமும் சஞ்சிகையும் இருந்தன. அத்தகைய துணை இங்கு அதே வலுவோடு அமையவில்லை.

இன்று நமது பல்கலைக்கழகங்களில் நான்காண்டுச் சிறப்புப் பட்டத்திற்குப் பயிலும் மாணவர் இறுதியாண்டில் ஆய்வறிக்கை ஒன்றைச் சமர்ப்பிக்க வேண்டும். பரீட்சை மட்டுமே அளவுகோலாயிருந்த காலத்தினின்றும் இது வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் விதி ஒன்றை எழுதுவதால் ஆராய்ச்சி பிறந்துவிடாது. வழிகாட்டும் விரிவுரையாளர் விடை தெரிந்த வினாவையே கொடுத்தால், மாணவன் இரண்டு மூன்று நூல்களிலிருந்து ஓர் அத்தியாயத்தைச் சுருக்கி எழுதி முடித்துவிடுவான். அதில் உழைப்பு இருக்கும்; ஆராய்ச்சி இராது. விடை தெரியாத வினாவைக் கொடுப்பதற்கோ, மாணவன் முன்னிலையில் எனக்கும் இது தெரியாது, இருவரும் சேர்ந்து பார்ப்போம் எனக் கூறும் துணிவு வேண்டும். பரீட்சை மரபில் வளர்ந்த ஆசிரியருக்கு அத்துணிவு எளிதில் வருவதில்லை. எல்லா விடையும் அறிந்தவரே ஆசிரியர் என்பது அம்மரபின் எழுதாச் சட்டம். அச்சட்டத்தை மீறும் பயிற்சியே ஆசிரியருக்கு வேண்டிய முதற் பயிற்சி.

இதனை எதிர்ப்போர் கூறும் நியாயங்களையும் நோக்குதல் வேண்டும். வாரத்தில் பல மணிநேரம் விரிவுரை நிகழ்த்தி, நூற்றுக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்தும் ஒருவரிடம் ஆராய்ச்சியையும் எதிர்பார்த்தல் நியாயமா என வினவுவர். வினா நியாயமானதே. எனவேதான் ஆசிரியரை ஆயத்தப்படுத்துதல் தனிமனிதரின் ஊக்கத்திற்கு விடப்படாமல் பல்கலைக்கழகத்தின் பொறுப்பாதல் வேண்டும். நேரமும், சக ஆராய்ச்சியாளரின் கூட்டும், நூல்களும் சஞ்சிகைகளும் அளிக்கப்படாத ஆசிரியரைக் குறைகூறுவதிற் பயனில்லை. எனினும் 1907இல் அந்த இருபது பேருக்கும் நேரமும் பணமும் மிகுந்திருக்கவில்லை என்பதும் நினைவில் நிற்க வேண்டும். அவர்களிடம் இருந்தது ஒருவரோடொருவர் பகிரும் ஏற்பாடு. அத்தகைய ஏற்பாட்டிற்கு இன்று தபாற் செலவும் வேண்டியதில்லை.

தமிழ்ச் சங்கமொன்றின் மலரில் இவ்விடயத்தை எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளையும் தமிழிற் கணித நூல்களையும் வெளியிட்டதன் பயனாக, வகையீடும் தொகையீடும் நமது மாணவருக்குத் தாய்மொழிச் சொற்களாயின. அது பெரும்பணி. ஆயினும் அந்நூல்கள் முடிந்த முடிபுகளையே கூறுகின்றன; தேற்றம், நிறுவல், பயிற்சி என்ற வரிசையில் நடக்கின்றன. ஊகித்தலையும், எதிர்மறை எடுத்துக்காட்டு ஒன்றால் ஊகம் சிதைதலையும், திருத்திய ஊகத்தோடு மீண்டும் தொடங்குதலையும் தமிழில் எழுதிய பக்கங்கள் மிகச் சிலவே. அத்தகைய பக்கங்களை எழுதத்தக்கவர் ஆராயும் ஆசிரியரே. சங்கங்களின் சஞ்சிகைகளில் கணித வினாப் பகுதி ஒன்றைத் தொடங்கி, விடை அறியாத வினாக்களையும் அதில் வெளியிட விரிவுரையாளர் முன்வருவாராயின், அது சிறிய தொடக்கமாயினும் உண்மையான தொடக்கமாகும்.

இராமானுஜனைப் போன்ற ஒருவர் எப்போது பிறப்பார் என எவராலும் கூறமுடியாது. அவருக்காகத் திட்டமிடவும் முடியாது. ஆனந்தராவையும் ரசீனையும் போன்ற ஆசிரியரை உருவாக்குதல் மனித முயற்சிக்கு எட்டியது. அதற்கு வேண்டிய வழிகளை வரலாறு காட்டியுள்ளது. அவ்வழியில் முதலடி எடுத்துவைக்க வேண்டியவர் மாணவரல்லர். விரிவுரை மண்டபத்தில் கரும்பலகைக்கு முன்னே நிற்பவரே.